வழி சொன்ன சிறு பெண்

(மருத்துவமனை ஆதரவாளர்களின் வருடாந்தரக் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம்

உங்களில் பலர் இரவு முழுவதும் பஸ்ஸிலும் ரயிலிலும் பிரயாணம் செய்து வந்திருக்கிறீர்கள். அறுப்பின் பண்டிகை ஏலப் பணம், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் பிடி அரிசிக் காணிக்கை, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல் என்று பல வழிகளில் இந்த ஊழியத்தைத் தாங்குகிறீர்கள். அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

வழக்கமாக இந்த நேரத்தில் வார்டுகளில் நடந்த சாட்சிகளை உங்களோடு பகிர்ந்துகொள்ளுவேன். இந்த வருஷம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சகோதரி என்னிடம் கேட்ட கேள்வி அது. அவர்களுடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்கு வந்திருந்தது சாதாரணக் காசநோய் அல்ல. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய். நம் டாக்டர் அவர்களிடம், "சென்னையிலே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த நோய்க்குக் குறுகிய கால மாத்திரைச் சிகிச்சை ஒன்றை ஆராய்ந்து பார்க்கிறார்கள். விருப்பம் இருந்தால் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அன்று மாலை அந்தச் சகோதரி நம் சிற்றாலய வாசலில் வந்து நின்றார்கள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரைச் சோதனை எலி ஆக்கப் பாக்குறாங்களா? நீங்க சொல்லுங்க. நீங்க சரின்னா போறோம். வேண்டாம்னா ஊருக்கே போயிடுறோம்."

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

நாம் வாசித்த அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். சீரியாவின் படைத்தலைவன் நாகமான். பராக்கிரமசாலி, ஆனால் தொழுநோயாளி. அவன் வீட்டிலே இஸ்ரவேலிலிருந்து சிறைபிடித்துக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறு பெண் வேலை செய்தாள். அவளுக்குப் பெயர் கூடச் சொல்லப்படவில்லை. அவள் வைத்தியம் செய்யவில்லை. பணம் கொடுக்கவில்லை. இன்ன இடத்தில் குணமாவதற்கு ஒரு வழி உண்டு என்று தன் எஜமானியிடத்தில் சொன்னாள். அவ்வளவுதான். அந்தச் செய்தி எட்டாதிருந்தால் நாகமான் யோர்தானுக்கு வந்திருக்கமாட்டான்.

இன்று நம் நாட்டில் கஷ்டமான வியாதியோடு இருக்கிற அநேகருக்கு எட்டாமலிருப்பது அந்தச் செய்திதான். வழக்கமான சிகிச்சை பலன் கொடுக்காதபோது, புதிய மருந்துகளையும் புதிய சிகிச்சை முறைகளையும் ஆராய்கிற மருந்தாய்வுகள் சில இடங்களில் நடக்கின்றன. ஆஸ்பத்திரியில் அதை 'டிரையல்' என்று சொல்லுவார்கள். படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் தேடிக் கண்டுபிடித்துப் போகிறார்கள். ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் அப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாது. தெரிந்தால் பயம் வருகிறது. ஆகவே இன்று மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். மருந்தாய்வு என்றால் என்ன? அதைக் குறித்த பயம் நியாயமானதா? அதைத் தேடிப் போகிறவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, மருந்தாய்வு என்றால் என்ன?

இதற்கும் வேதத்தில் ஒரு சம்பவம் உண்டு. தானியேல் முதலாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தானியேலும் மூன்று நண்பர்களும் தீர்மானித்தபோது, பிரதானிகளின் தலைவன் பயந்தான். பிள்ளைகள் மெலிந்துபோனால் அவன் தலைக்கு ஆபத்து. தானியேல் அவனோடு தர்க்கம் செய்யவில்லை. பத்து நாள் எங்களுக்குப் பருப்பும் மரக்கறியும் தண்ணீரும் கொடுத்துப் பாரும், அதன்பின் ராஜ போஜனம் சாப்பிடுகிறவர்களோடு எங்களை ஒப்பிட்டுப் பாரும் என்று தங்களை விசாரித்து வந்தவனிடம் சொன்னான். குறிப்பிட்ட நாட்கள், இரண்டு கூட்டத்தார், கடைசியில் ஒப்பிட்டுப் பார்த்தல். மருந்தாய்வின் சாரம் இதுதான். இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். யாரும் தானியேலைக் கட்டாயப்படுத்தவில்லை. அவனே முன்வந்தான்.

1747-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர் இதைப் போன்ற ஒன்றைச் செய்தார். கப்பலில் ஈறு வீங்கி இரத்தம் கசிகிற ஸ்கர்வி நோயால் மாலுமிகள் வாடினார்கள். அவர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஆறு விதமான சிகிச்சைகளைக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் மட்டும் சீக்கிரமாகத் தேறினார்கள். ஆனால் கப்பற்படை முழுவதற்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க உத்தரவு பிறந்தது 1795-இல்தான். உண்மை தெரிந்த பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் தாமதம்! அதற்குள் எத்தனை பேர் மாண்டார்களோ, கர்த்தர் அறிவார்.

நம்முடைய ஊருக்கு வருவோம். தாம்பரத்துக்கு அருகே ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அக்காலத்தில் காசநோய் வந்தால் குடும்பத்தை விட்டுப் பிரிந்து, மாதக்கணக்கில் சானடோரியத்தில் படுக்கவேண்டும். நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு. ஆனால் நோயாளிகள் ஏராளம்; படுக்கைகளோ கொஞ்சம். 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை ராஜ்ய அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து சென்னையிலே ஒரு காசநோய் ஆய்வு நிலையத்தை ஆரம்பித்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதை நடத்தினார். அவர்கள் கேட்ட கேள்வி மிக எளிமையானது: அதே மாத்திரைகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் குணமாகுமா?

சென்னையின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளிலிருந்து 193 நோயாளிகள் ஆய்வில் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் தங்கள் சிறிய வீடுகளிலேயே இருந்தார்கள். இரு சாராருக்கும் ஒரு வருஷம் அதே மருந்துகள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஓய்வும் உணவும் அதிகம். வீட்டில் இருந்தவர்களுக்கு அவை குறைவு. முடிவு 1959-இல் வெளியாயிற்று. இரண்டு கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறியிருந்தார்கள். வீட்டில் இருந்த நோயாளிகளின் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் அதனால் அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. அந்த ஆய்வு உலகத்தின் போக்கை மாற்றிற்று. இன்று காசநோயாளி ஒருவர் தன் மனைவி மக்களோடு வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிறார் என்றால், அதற்கு நம் சென்னையின் அந்த 193 பேரும் காரணம். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது, நாகமான் வீட்டுச் சிறு பெண்ணின் பெயரைப் போலவே. ஆனால் அவர்களுடைய பலன் நம் கையில் இருக்கிறது.

எல்லா ஆய்வும் இப்படி மகிழ்ச்சியான முடிவைக் கொடுப்பதில்லை. 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பற்றி மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கிற்று. இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் இடம்பெற்றார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்பதே முடிவு. பலருக்கு ஏமாற்றம். ஆனால் தடுக்காததைத் தடுக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பதைவிட உண்மையை அறிவது மேலல்லவா? சிறு பிள்ளைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடுமையான காசநோயைத் தடுப்பதற்காக அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது. எது பலன் தரும், எது தராது என்பதைப் பிரித்தறிவதும் ஒரு கிருபையே. 2020-இல் கொரோனா காலத்தில் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று, மலிவான டெக்ஸாமெதசோன் மருந்து மூச்சுக்கருவியில் இருந்தவர்களின் உயிரிழப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டிற்று. எல்லாரும் தேடி அலைந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பயன் தரவில்லை என்பதையும் அதே ஆய்வே காட்டிற்று.

இங்கே ஒரு கஷ்டமான கேள்வி எழும்புகிறது. இரு கூட்டமாகப் பிரிக்கும்போது யார் எந்தக் கூட்டத்தில் என்பதை டாக்டர் தெரிந்தெடுப்பதில்லை. நோயாளியும் தெரிந்தெடுப்பதில்லை. கம்ப்யூட்டரால் ஒருவிதச் சீட்டுப் போடுகிறார்கள். ஒரு தகப்பனார் என்னிடம் கண்ணீரோடு கேட்டார்: "ஐயா, என் மகள் உயிரைச் சீட்டுப் போட்டா தீர்மானிப்பீங்க?"

அவருக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். அப்போஸ்தலர் நடபடிகள் முதலாம் அதிகாரத்தில், யூதாசின் இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டார்கள். தகுதியில்லாத ஒருவனையும் தகுதியுள்ள ஒருவனையும் வைத்துச் சீட்டுப் போடவில்லை. இருவரும் தகுதியுள்ளவர்கள், யார் என்று மனுஷருக்குத் தெரியவில்லை. மருந்தாய்விலும் அப்படியே. எது மேலானது என்று டாக்டர்களுக்கு மெய்யாகவே தெரியாதபோது மட்டுமே சீட்டுப் போடலாம். ஒன்று மேலானது என்று தெரிந்த பிறகும் சீட்டுப் போட்டால் அது பாவம். பெரிய ஆய்வுகளில் இதைக் கவனிப்பதற்கென்றே தனிக் குழு உண்டு. நடுவிலேயே ஒரு மருந்து தீங்கு செய்கிறது என்றோ, ஒன்று தெளிவாக மேலானது என்றோ தெரிந்தால் ஆய்வை நிறுத்தும்படி அவர்கள் சொல்லலாம்.

இன்னொன்று. டாக்டர் தெரிந்தெடுத்தால் என்ன ஆகும்? நல்ல மனதோடேயே பலவீனமானவரை ஒதுக்கிவிட்டுத் திடமானவருக்குப் புது மருந்தைக் கொடுப்பார். மருந்து நல்லதென்று தோன்றும். சிபாரிசு உள்ளவருக்கு முதலிடம் கிடைக்கும். 1940-களில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது, பிரிட்டனில் மருந்து மிகக் குறைவாக இருந்தது. 107 பேரைச் சீட்டு முறையில் பிரித்தார்கள். மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்தில் 4 பேரும், அக்கால வழக்கப்படி படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் மரித்தார்கள். இது 1948-இல் வெளியாயிற்று. சீட்டிலே பணக்காரன், ஏழை என்ற முகதாட்சணியம் இல்லை.

இரண்டாவது, பயம் நியாயமானதா?

நியாயமானதுதான். "சோதனை எலியா" என்று கேட்ட சகோதரியை நான் கடிந்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரைச் சுற்றி 1932 முதல் 1972 வரை, மேகநோய் உள்ள ஏறக்குறைய 400 கறுப்பின ஏழை ஆண்களுக்கு அவர்களுடைய நோய் என்னவென்றே சொல்லாமல், நோய் எப்படி வளர்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. 1997-இல் அந்நாட்டு ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டார். ஏழையின் அறியாமையைப் பயன்படுத்துவது மனுஷ இருதயத்துக்கு எவ்வளவு சுலபம் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட பாவங்களின் காரணமாகவே வேலிகள் எழுப்பப்பட்டன. 1947-இல் நியூரம்பர்க் விதிகள், 1964-இல் ஹெல்சிங்கி பிரகடனம். நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்தாய்வு விதிகள். அவற்றின்படி, நோயாளிக்குப் புரியும் பாஷையில் விளக்கம் சொல்லி எழுத்தில் ஒப்புதல் பெறவேண்டும். வாசிக்கத் தெரியாதவரானால் ஒரு நடுநிலைச் சாட்சி முழுநேரமும் கூட இருக்கவேண்டும். ஒப்புதல் படிவத்தின் பிரதியை நோயாளியிடம் கொடுக்கவேண்டும். அவர் எப்பொழுது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் நஷ்டஈடும் உண்டு.

ஒவ்வொரு ஆய்வையும் ஒரு நெறிமுறைக் குழு அங்கீகரிக்கவேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். எல்லாரும் டாக்டர்கள் அல்ல. சாதாரணப் பொதுமனிதர் ஒருவர், ஒரு பெண், சட்டம் அறிந்த ஒருவர் இருக்கவேண்டும். சமூக சேவகரோ, தத்துவம் அறிந்தவரோ, இறையியல் படித்தவரோ ஒருவரும் இருக்கவேண்டும். அந்தக் கடைசி நாற்காலியில் சில வருஷங்களாக நான் உட்காருகிறேன். செமினரியில் படித்த எபிரெயுவும் கிரேக்கும் அங்கே உதவவில்லை, தமிழ்தான் உதவுகிறது. ஒரு படிவத்தில் 'எழுமாற்று முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்கள்' என்று இருந்தது. எனக்கே இரண்டு தரம் வாசித்தபிறகுதான் விளங்கிற்று. "சீட்டுப் போட்டுப் பிரிப்போம் என்று எழுதுங்கள்" என்றேன். 'பாதகமான நிகழ்வுகள்' என்றதை 'மருந்தினால் வரக்கூடிய தொந்தரவுகள்' என்று மாற்றச் சொன்னேன். சிறிய வேலைதான். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் எதற்குப் போடுகிறோம் என்று அறிந்து போடவேண்டும்.

இப்பொழுது, அந்தச் சகோதரிக்கு நான் ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்பதைச் சொல்லவேண்டும். இது என்னைப் பற்றிய அறிக்கை.

பல வருஷங்களுக்கு முன், நுரையீரல் புற்றுநோய் கண்ட ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு ஒரு மருந்தாய்வில் சேர வாய்ப்பு வந்தது. அவர் தயங்கினார். நான் நல்லெண்ணத்தோடு அவர் கட்டில் அருகே நின்று, "சார், கையெழுத்துப் போடுங்க. கர்த்தர் பாத்துக்குவார்" என்றேன். அவர் அப்படியே செய்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீண்ட பிரயாணம், இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். உடம்பு தளர்ந்துகொண்டே போயிற்று. நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் ஜெபித்து முடித்தபோது, "ஐயா, எனக்கு மக வீட்டுக்குப் போயிடணும்னு இருக்கு. பேரனுக்கு ஞானஸ்நானம் வருது" என்றார். "போகலாமே, எப்போ வேணும்னாலும் விலகிக்கலாமே" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். "விலகலாம்னு டாக்டரும் சொன்னாங்க. நீங்க சொல்லிப் போட்ட கையெழுத்தாச்சே. பாதியிலே விட்டா உங்களுக்குத் தலைகுனிவா இருக்கும்னுதான் ஐயா இருந்துட்டேன்."

என் இருதயம் குத்துண்டது. டாக்டர் எல்லாம் முறையாகச் செய்திருந்தார். சட்டம் எல்லாம் சரியாக இருந்தது. நான் இடையிலே வந்து கர்த்தருடைய நாமத்தைச் சொல்லி அந்த மனிதரின் சுயாதீனத்தை எடுத்துப் போட்டேன். அவர் விலகினார், மகள் வீட்டுக்குப் போனார், பேரனைக் கையில் ஏந்தினார். சில வாரங்களில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அன்று முதல் ஒரு தீர்மானம். ஒப்புதல் கேட்கிற நேரத்தில் நான் அந்த அறையில் இருப்பதில்லை. முன்னே உட்காருவேன், பின்னே உட்காருவேன். சேருங்கள் என்றும் சொல்லமாட்டேன், சேராதிருங்கள் என்றும் சொல்லமாட்டேன். சபை ஐயர்மாரே, மூப்பர்மாரே, உங்கள் வார்த்தைக்கும் இந்தப் பாரம் உண்டு. எச்சரிக்கையாயிருங்கள்.

ஆகவே அந்தச் சகோதரியிடம், "அம்மா, நான் தீர்மானிக்கக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் தீர்மானிக்கணும். ஆனா என்னென்ன கேக்கணும்னு நாம உக்காந்து எழுதலாம்" என்றேன். நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதினோம். அந்தக் கேள்விகளை உங்களுக்கும் தருகிறேன். இந்தச் செய்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறவாதிருங்கள்.

1. எந்த மருந்தை ஆராய்கிறீர்கள்? இதற்கு முன் மனுஷருக்குக் கொடுத்திருக்கிறீர்களா?
2. நான் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும்?
3. சீட்டு உண்டா? வெறும் மாத்திரை கிடைக்க வாய்ப்பு உண்டா?
4. என்ன தொந்தரவுகள் வரலாம்? இரவில் வந்தால் யாருக்குப் போன் செய்வது?
5. எத்தனை தரம் வரவேண்டும்? பஸ் சார்ஜும் கூலி நஷ்டமும் யார் கொடுப்பார்கள்?
6. பாதிப்பு வந்தால் சிகிச்சைக்கும் நஷ்டஈட்டுக்கும் யார் பொறுப்பு?
7. ஆய்வு முடிந்தபின் அந்த மருந்து எனக்குத் தொடர்ந்து கிடைக்குமா?
8. இந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வரலாமா?

எட்டாவது கேள்விக்கு 'கூடாது' என்று யாராவது சொன்னால், எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாவது, தேடிப் போகிறவர்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

முதலில் அவரவரைப் பார்க்கிற டாக்டரிடமே கேட்கவேண்டும். பயாப்ஸி ரிப்போர்ட், இரத்தப் பரிசோதனைகள், இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பட்டியல் எல்லாம் ஒரே ஃபைலில் தேதிவாரியாக இருக்கட்டும். ஆய்வில் சேர வயது, நோயின் நிலை, இரத்த அளவு என்று பல நிபந்தனைகள் உண்டு. ஃபைல் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது.

அடுத்ததாக, நம் நாட்டில் நடக்கும் மருந்தாய்வுகளுக்கு ஒரு பொதுப் பதிவேடு இருக்கிறது. 'கிளினிக்கல் டிரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி – இந்தியா' என்று பெயர். 2007-இல் தொடங்கப்பட்டு, 2009 ஜூன் முதல் மருந்தாய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயமாயிற்று. இன்டர்நெட்டில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். நோயின் பெயரைப் போட்டால் என்ன ஆய்வு, எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில், நெறிமுறைக் குழு அங்கீகரித்ததா, இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்களா, யாரைத் தொடர்புகொள்வது என்பதெல்லாம் இருக்கும். அது ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதே நம் ஜனங்களுக்குத் தடை. ஆனால் உங்கள் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் செல்போன் வைத்திராத பிள்ளை யார்? ஒரு பாட்டியம்மாவுக்காக ஒரு மணி நேரம் தேடிக் கொடுக்க அவர்களைப் பழக்குங்கள். நாகமான் வீட்டுச் சிறு பெண்ணின் ஊழியம் இதுவே. பதிவேட்டில் இருப்பதனாலேயே அந்த மருந்து நல்லது என்று அர்த்தமல்ல. ஆகையால் தேடிக் கண்டதை டாக்டரிடம் காட்டிக் கேட்கவேண்டும்.

ஒரு எச்சரிப்பு. எலிசா நாகமானிடம் ஒரு வெள்ளிக்காசும் வாங்கவில்லை. வேலைக்காரன் கேயாசிதான் பின்னாலே ஓடி, பொய் சொல்லி வெள்ளியும் வஸ்திரமும் வாங்கினான். இன்றைக்கும் கேயாசிகள் உண்டு. நிரூபிக்கப்படாத சிகிச்சையை 'புதிய ஆராய்ச்சி' என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்றுக் கொடுத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆராயப்படுகிற மருந்துக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது முறையல்ல. பணம் கேட்டால் அது ஆய்வல்ல, வியாபாரம் என்று அறிந்துகொள்ளுங்கள்.

பிடி அரிசி கொடுக்கிற தாய்மார்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி சொல்லவேண்டும். மருந்தாய்வு என்றால் மாத்திரை மட்டுமல்ல. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. சென்னையில் 1956-இல் தொடங்கிய அதே நிலையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரோடு அதில் பங்குகொண்டது. காசநோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். 10,000 பேருக்கு மேல் கவனித்தார்கள். உணவு பெற்ற குடும்பத்தாருக்குள் புதிதாகக் காசநோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. 2023-இல் இது வெளியாயிற்று. தானியேல் கேட்ட பருப்பு, நீங்கள் எடுத்துவைக்கிற பிடி அரிசி! உங்கள் காணிக்கையை இனி யாரும் அற்பமாக எண்ணவேண்டாம்.

முடிவாக, அந்த ஆட்டோ ஓட்டும் சகோதரர். இருவரும் பேசி, ஜெபித்து, சென்னைக்குப் போனார்கள். எட்டுக் கேள்விகளையும் கேட்டார்கள். நல்ல பதில்கள் கிடைத்தன. சேரவும் சம்மதித்தார்கள். ஆனால் இரத்தத்தைப் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் அளவு மிகவும் குறைவாக இருந்தது. அந்த மருந்துகளில் ஒன்று இரத்தத்தை மேலும் குறைக்கக்கூடியது. ஆகவே சேர்க்க முடியாது என்று தயவாகச் சொல்லி அனுப்பினார்கள். அது நியாயமே. அவருடைய நன்மைக்கே. ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸுக்கு அவர்களிடம் பணம் இல்லை. ஆய்வில் சேர்ந்திருந்தால் பிரயாணச் செலவு கிடைத்திருக்கும். சேராதவருக்கு என்ன கிடைக்கும்? அந்தச் சகோதரி பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக் கடன் வாங்கி வந்தார்கள்.

வழக்கமான நீண்ட சிகிச்சையையே அவர் நம்மிடத்தில் எடுத்துக்கொண்டார். ஒன்றரை வருஷத்துக்கு மேல் தினமும் மாத்திரை. உங்கள் காணிக்கையில் வாங்கிய முட்டையும் பருப்பும் அவருக்குப் போயிற்று. தேவ கிருபையால் இன்று சுகமாயிருந்து ஆட்டோ ஓட்டுகிறார். தென் ஆப்பிரிக்காவில் 109 பேர் முன்வந்து அந்தக் குறுகிய சிகிச்சையை ஏற்றார்கள். 98 பேர் நன்மை கண்டார்கள். ஆனால் 100-க்கு 80 பேருக்குக் கைகால் நரம்பில் தொந்தரவு வந்தது. அதைக் கண்டு, மருந்தின் அளவைக் குறைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். 2024-இல் நம் அரசாங்கம் அந்த ஆறு மாதச் சிகிச்சை முறையை நாட்டின் காசநோய்த் திட்டத்தில் அங்கீகரித்தது. இனி இதே நோயோடு வருகிற பலருக்கு ஒன்றரை வருஷம் தேவையில்லை. யாரோ பட்ட கஷ்டத்தின் பலனை வேறு யாரோ அனுபவிக்கிறார்கள். சிலுவையை அறிந்த நமக்கு இது புரியாத காரியமா?

ஆகவே இந்த வருஷம் ஒரு புதிய நிதிக்காக உங்களிடம் கேட்கிறேன். மருந்தாய்வைத் தேடிப் போகிற ஏழை நோயாளிக்கும் துணைக்குப் போகிற ஒருவருக்கும் போகவர பஸ் சார்ஜ், ஒரு இரவு தங்க இடம், இரண்டு நாள் சாப்பாடு. ஆய்வில் சேருவதற்காக இந்தப் பணத்தைக் கொடுக்கமாட்டோம்; அது கைக்கூலி ஆகிவிடும். போய்க் கேட்டு அறிவதற்காகக் கொடுப்போம். சேர்ந்தாலும் உண்டு, 'வேண்டாம்' என்று திரும்பினாலும் உண்டு, 'நீர் தகுதியில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டாலும் உண்டு. ஒருவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத் தைரியமாய் வீடு திரும்பக் கையில் பணம் இருந்தால்தான், அவர் சொல்லும் 'ஆம்' உண்மையான ஆம்.

உங்கள் ஜெபக் குறிப்புகளில் இவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: மருந்தாய்வில் சேர்ந்திருக்கிற நோயாளிகள், சேர முடியாமல் திரும்பியவர்கள், உண்மையைத் தேடி உழைக்கிற டாக்டர்கள், நர்சுகள், நெறிமுறைக் குழுவில் உட்காருகிற எங்களுக்கு வேண்டிய விவேகம்.

நாகமான் வீட்டுச் சிறு பெண்ணுக்கு எஜமான் குணமாகித் திரும்பி வந்தபோது என்ன பரிசு கிடைத்தது என்று வேதம் சொல்லவில்லை. அவள் வழியைச் சொன்னாள். கர்த்தர் மற்றதைச் செய்தார். உங்கள் சபையிலும், உங்கள் தெருவிலும் யாருக்கோ அந்த ஒரு வார்த்தை தேவைப்படுகிறது. அதைச் சொல்லும் வாயையும், அவரோடு கூடப் பஸ் ஏறும் கால்களையும் கர்த்தர் உங்களுக்குத் தருவாராக. ஆமென்.